வரித்தலை வாத்தின் மனு

தை மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை காலை, நீர்க்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் வரிசையில், பட்டா மாற்றம் கேட்டு வந்த ஒரு பெரியவருக்குப் பின்னாலும், பென்ஷன் நின்றுபோன ஒரு அம்மாளுக்கு முன்னாலும், நாற்பத்தோராவது ஆளாக ஒரு வரித்தலை வாத்து வந்து நின்றது.

இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலைக்கு மேலாகவே பறந்து வரும் ஜாதி அது. வெள்ளைத் தலையின் பின்பக்கம் யாரோ மை தொட்டு இழுத்ததுபோல இரண்டு கறுப்புக் கோடு, மஞ்சள் மூக்கு, வலது காலில் ஒரு அலுமினிய வளையம். வரிசையில் யாரும் கூச்சல் போடவில்லை. பென்ஷன் அம்மாள் மட்டும் குனிந்து, "நீ எனக்கு முன்னாலயா வந்த?" என்று கேட்டாள். வாத்து தலையை ஆட்டியது. "அப்ப சரி, நில்லு. இடையில நுழையிறதுதான் எனக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு அவள் தன் மஞ்சள் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கவுண்டருக்குள் இருந்தவர் ஹெட் கிளார்க் கோமதிநாயகம். முப்பது வருஷ சர்வீஸில் ஒரு காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் அவர் சீல் வைத்ததில்லை. ஒரு மனுஷரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்கும் நிமிராமலே கையை நீட்டினார்.

"மனு?"

வாத்திடம் காகிதம் எதுவும் இல்லை.

"மனு இல்லாம வரிசையில நின்னா எப்படி? வெளிய வேப்பமரத்தடியில தங்கபுஷ்பம் அக்கா இருப்பாவ. எழுதி வாங்கிட்டு வாங்க. அடுத்து!"

வாத்து படியிறங்கி, ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தைத் தாண்டி, மாசானத்தின் டீக்கடையைத் தாண்டி, வேப்பமரத்தடிக்கு வந்து, பலகை மேசைக்கு எதிரே கிடந்த முக்காலியில் ஏறி உட்கார்ந்தது.

தங்கபுஷ்பம் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் அவள் கையெழுத்து முத்து முத்தாக, ஒன்றை ஒன்று இடிக்காமல், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் போகும். இருபத்தாறு வருஷமாக அந்த மரத்தடியில் மனு எழுதுகிறாள். ஒவ்வொரு மனுவுக்கும் முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆண்டவரே, இதை வாசிக்கிறவங்க மனசைத் திறந்து வையும்" என்று உதடு அசையாமல் ஒரு ஜெபம் சொல்லிக்கொள்வாள். வருகிறவர்கள் ஒருத்தரும் குறையை நேராகச் சொல்வதில்லை. வேலி தகராறு என்று ஆரம்பித்து மகன் பேசாமல் போனதில் முடிப்பார்கள், ரேஷன் கார்டு என்று ஆரம்பித்து அழுவார்கள், சிலர் கையை மட்டும் விரித்துக் காட்டுவார்கள். கையை, கண்ணை, பெருமூச்சைக் கேட்டு எழுதிப் பழகிய அவளுக்கு எதிரே அலகு இருந்தால் என்ன, வாய் இருந்தால் என்ன?

"சொல்லுங்க, என்ன குறை?" என்று கேட்டவள் வாத்தின் காலில் இருந்த வளையத்தைப் பார்த்தாள். "ஐயோ என் பிள்ளை! நேத்து டிவியில சொன்னது இவங்ககிட்டயா?"

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எப்சி, தங்கபுஷ்பத்தின் ஒரே மகள், மூன்று வயதில் சட்டைப்பைக்குள் ஓணான் வைத்துக்கொண்டு ஞானஸ்நான வீட்டு விருந்துக்கு வந்தவள், பன்னிரண்டு வயதில் வால் அறுந்த ஒரு அணிலுக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு எழுதிக் கேட்டவள், விலங்கியல் படித்து முடித்ததும் யார் சொல்லையும் கேட்காமல் பறவைகளுக்கு வளையம் மாட்டுகிற ஒரு குழுவோடு சேற்றிலும் முள்ளிலும் இரண்டு வருஷம் அலைந்தவள். அப்புறம் உள்ளூர் கேபிள் டிவியில் மரண அறிவித்தலும் காணாமல்போன மாடுகளின் அடையாளமும் வாசிக்கிற வேலை கிடைத்தது. ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக ஒரு உடும்பு ஸ்டுடியோவுக்குள் வந்தது. கேமராக்காரர் மேசைமேல் ஏறிவிட்டார். எப்சி காகிதத்தைக் கீழே வைத்து, உடும்பைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி, "யாரு வந்திருக்காங்க பாருங்க!" என்று ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம் அதன் நாக்கைப் பற்றியும் நகத்தைப் பற்றியும் நல்ல குணத்தைப் பற்றியும் பேசினாள். அன்றைக்கு ஊரில் காணாமல்போன மாட்டைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. மறுமாதம் அதுவே நிகழ்ச்சியாகி, அடுத்த வருஷம் சென்னைச் சேனல் ஒன்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு "யாரு வந்திருக்காங்க பாருங்க." நீர்க்குறிச்சி சர்ச் ஐயர் பிரசங்கத்தைப் பதினொன்றே முக்காலுக்கு முடிக்கப் பழகிக்கொண்டார்; சபையாரே கடிகாரத்தைப் பார்த்தால் அவர் என்ன செய்வார்?

வாத்து வரிசைக்கு வந்ததற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் முதல்தடவையாகச் சொந்த ஊரிலிருந்து நேரலை. ஊருக்கு மேற்கே செங்கால்குளம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு எப்சி ஒரு வரித்தலை வாத்தை அணைத்துப் பிடித்திருந்தாள். "வளையத்துல என்ன போட்டிருக்கு பாப்போமா? அம்மாடியோ! இது மங்கோலியாவுல போட்ட வளையங்க. இந்த அம்மாவுக்கு வயசு இருபது! வாத்துல இருபதுன்னா நம்மள்ல எண்பத்தஞ்சு!" என்று உலகத்துக்கே கூவிவிட்டு, வாத்தைத் தண்ணீரில் விடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊர்ல உங்களுக்கு ஏதாவது குறை இருந்தா, நேரா எங்க அம்மாகிட்ட போங்க. கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடி. எழுதித் தருவாங்க. எழுதினா நடக்கும்!"

எழுதித் தருவாங்க என்றது தங்கபுஷ்பத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நடக்கும் என்றதுதான் நெஞ்சில் இடித்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

"தண்ணி அசுத்தமா இருக்கா?" என்று வாத்திடம் கேட்டாள். இல்லை என்று தலை ஆடியது. "நாய் தொந்தரவா? பட்டாசா? புல்லு போதலையா? பக்கத்துக் கூட்டுக்காரங்க ஏதும் சொன்னாவளா?" இல்லை, இல்லை, இல்லை. வாத்து அவள் முகத்தைப் பார்த்து ஒரு சத்தம் எழுப்பி, கழுத்தை நிமிர்த்தி, சிறகை ஒரு தடவை சரிசெய்து காட்டியது. தங்கபுஷ்பத்துக்கு அது மட்டும் பிடிபடவில்லை. கடைசியில், செங்கால்குளத்தைச் சுத்தமாக வைக்கக் கோரி என்று பொதுவாக ஒன்று எழுதி, ஸ்டாம்ப் மை தடவிய காலைப் பதிக்கச் சொன்னாள். வாத்து, சரி எழுதிவிட்டாய், என்ன செய்ய என்பதுபோல அரை மனசோடு காலை வைத்தது.

அடுத்த திங்கட்கிழமை இருநூறு பேர் வந்தார்கள்.

கூழைக்கடாக்கள் வந்தன, கல்யாண வீட்டுப் பெரிய மனுஷர்கள் மாதிரி ஆடி ஆடி. முக்குளிப்பான் வந்தது, நாமக்கோழி வந்தது, ஆற்றிலிருந்து நீர்நாய் இரண்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்த இடத்தில் எல்லாம் குட்டை கட்டியது. ஒலிபெருக்கியை எட்டு மணிக்கு மேல் அணைக்கச் சொல்லி ஆந்தை பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தது. அதன் மேல் இரக்கப்பட்டு முதலில் உள்ளே விட்டார்கள். தங்கபுஷ்பத்தின் வீட்டுக்காரர் செல்லத்துரை, முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆகி வீட்டில் கிடந்தவர், பழைய விசிலைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "முன்னால போ, முன்னால போ, பின்னால எவ்வளவு இடம் கெடக்கு! ஏய் கொக்கு, ஒத்தக் கால்ல நிக்காத, ரெண்டு காலையும் ஊணி நில்லு, சாஞ்சிருவ! ஆமையண்ணே, நீங்க அடுத்த திங்கட்கிழமை வரிசைக்கு இப்பவே கெளம்பிருங்க!"

மாசானம் டீக்கடையில் பன்னோடு ஊறவைத்த நெல்லும் வைத்தான். "எக்கா, மனுஷனுக்குப் பன்னு, மத்தவங்களுக்கு நெல்லு. ஆனா கூழைக்கடாவுக்குக் கடன் கெடையாது, வாயைத் திறந்தா கடையே உள்ள போயிரும்" என்பான். மின்வாரியத்துக்காரர்கள் தாங்களாகவே வந்து தொங்கிக்கொண்டிருந்த கம்பியை இழுத்துக் கட்டினார்கள். ஊதா மை தடவிய கால்களோடு எல்லோரும் ஊர்மேல் நடந்தும் பறந்தும் திரும்பிப் போனதால், மொட்டைமாடி, காயப்போட்ட வேட்டி, தாலுகா போலீஸ் ஜீப்பின் கூரை எங்கும் ஊதாக் காலடிகள். முதல் வாரம் பெண்கள் திட்டிக்கொண்டே துவைத்தார்கள். மூன்றாவது வாரம் ஊதாக் காலடி போட்ட சேலை கேட்டு ஜவுளிக்கடையில் ஆள் வந்தது.

கோமதிநாயகம் ஒருவர்தான் மசியவில்லை. "முகவரி இல்லாத மனு செல்லாது" என்று கட்டாகத் திருப்பி அனுப்பினார். தங்கபுஷ்பம் கோபப்படவில்லை, அவளுக்குக் கோபம் வராது. ஒரு சாயங்காலம், லீவில் வந்திருந்த எப்சியையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போய், கரையைச் சுற்றி நடந்து, வளையம் போட்டவர்களுக்கு வளைய எண், போடாதவர்களுக்கு மரம் என்று எழுதினாள். செங்கால்குளம், கிழக்குக் கரை, மூன்றாவது கருவேலமரம், வடக்குக் கிளை, மேல்கூடு. செங்கால்குளம், மதகுக்குக் கீழ், இடதுபக்கப் பொந்து. இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு முகவரி. கோமதிநாயகம் ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்தார். குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. சீல் வைத்தார். "பெறப்பட்டது."

மாசி மாதம் அந்த அறிவிப்பு வந்தது. கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்ததைத் தங்கபுஷ்பம்தான் முதலில் வாசித்தாள். செங்கால்குளத்தைத் தூர்த்துப் புதிய பேருந்து நிலையம் கட்ட உத்தேசம். மேற்படி இடத்தில் குடியிருப்போர் எவரும் இல்லை எனத் தெரியவருகிறது. இருப்பின் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்தவர்கள் சப்-கலெக்டர் முன் விசாரணைக்கு ஆஜராக வேண்டும். நாள்: ஜூலை பதினான்கு.

"முப்பத்திரண்டு வருஷமா நல்ல பஸ் ஸ்டாண்டு வேணும்னு ஜெபம் பண்ணினவன் நான்" என்றார் செல்லத்துரை, பலகையைப் பார்த்தபடி. "இப்ப என் வாயாலயே வேண்டாம்னு சொல்ல வச்சிட்டியளே, தாயும் மகளும்." சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்து ஊதி வரிசையை ஒழுங்குபடுத்தினார்.

ஆட்சேபணை முந்நூற்றுப் பன்னிரண்டும் ஒரே வாரத்தில் எழுதி முடிந்தது. அதன் பிறகுதான் தங்கபுஷ்பத்துக்குத் தேதி உறைத்தது. சென்னைக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி எப்சி, ஜூலையில இவங்க எல்லாம் எங்க இருப்பாவ?"

எப்சி மாதங்களை எண்ணிப் பார்த்தாள். "வாத்துங்க பங்குனிலயே மலையைத் தாண்டிருவாங்கம்மா. மத்தவங்க ஆனி பிறக்கங்காட்டியும் குஞ்சைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. குளம் வத்திக் கெடக்கும். எம்மா... எவனோ தெரிஞ்சேதான் அந்தத் தேதியைப் போட்டிருக்கான்."

"தெரியாமக்கூடப் போட்டிருக்கலாம் மக்கா."

"நான் டிவியில சொல்லிட்டேனேம்மா." பாம்பு கடித்தபோதுகூட அழாத பிள்ளை, அழுதபடி சொன்னது. "எழுதினா நடக்கும்னு. அவங்க என்னை நம்பித்தானே வந்தாங்க?"

தங்கபுஷ்பம் கவுண்டருக்குப் போய்க் கேட்டாள். கோமதிநாயகம் நிமிரவில்லை. "ஆஜர் ஆகாட்டா தள்ளுபடி, எக்கா. அதான் சட்டம். நான் என்ன செய்ய?"

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை வாயிலிருந்து வந்த வார்த்தை பொய்யாகிவிடக்கூடாதே, குளம் போனால் போகட்டும் என்றுகூடச் சொல்ல முடியாதே, எதிரே முக்காலியில் உட்கார்ந்து காலைப் பதித்தவர்கள் முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் காலை, பேனாவை மூடி வைத்து ஜெபத்தில் கண்ணை மூடியிருந்தபோது, "யம்மா, எங்க மாமியாருக்கு நடக்க முடியல, பென்ஷனை நான் வாங்கிக்கிட ஒரு அதிகாரக் கடிதம் எழுதித் தாங்க" என்று ஒரு மருமகள் வந்து நின்றாள். வாரத்துக்குப் பத்துத் தடவை தங்கபுஷ்பம் எழுதுகிற கடிதம். அவள் ஜெபத்தை ஆமென் சொல்லி முடிக்காமலே சிரித்தாள். சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காகமெல்லாம் எழும்பிப் போனது. "எக்கா, என்ன ஆச்சு?" என்று மாசானம் டீ கிளாஸோடு ஓடிவந்தான்.

"மாசானம், ஒரு ரீம் பேப்பர் வாங்கிட்டு வா!"

அந்தப் பங்குனித் திங்கட்கிழமையைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாள்வதில்லை. என் சார்பில் ஆஜராக இன்னாரை நியமிக்கிறேன் என்று எழுத வேண்டும். இன்னார் யார் என்று அவரவரே காட்ட வேண்டும். ஊரே வந்து வளாகத்தில் நின்றது. கூழைக்கடா ஒன்று நேராகப் போய் மாசானத்தின் துண்டை உருவியது. நீர்நாய்கள் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் இரண்டு பேரின் மடியில் ஏறின. முக்குளிப்பான் போலீஸ் ஏட்டையாவின் பூட்ஸ்மேல் உட்கார, அவர் விறைப்பாக சல்யூட் அடித்து ஏற்றுக்கொண்டார். வளர்ந்த மகன்களோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டரை நாரைக் குடும்பமே தேர்ந்தெடுத்துவிட்டது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நான் பேசுவேன், நான் பேசுவேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் தங்களைத் தேடி வராமல் போய்விடுவார்களோ என்று சில பேர் முகம் சுண்டிப்போய் நிற்பதைப் பார்த்து, ஒரு நாமக்கோழி மூன்று தடவை தீர்மானத்தை மாற்றிக்கொண்டது. செல்லத்துரைக்கு ஒரு கொக்கு. ஒற்றைக் கால் கொக்கேதான். ஆமை மட்டும் யாரையும் காட்டவில்லை. தானே வருவதாகச் சொல்லி, அன்றைக்கே புறப்பட்டது.

முதலில் வந்த வரித்தலை வாத்துதான் கடைசி. அது கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது, யாரிடமும் போகவில்லை. மதியம் ஒன்றேகால் ஆகிவிட்டது. வாத்து மெதுவாகப் படியேறி, ஆபீஸுக்குள் போய், ஃபைல் கட்டுகளுக்கு இடையே தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோமதிநாயகத்தின் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. முப்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். அவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு டிபன் மூடியில் ஒரு பிடி சாதத்தை வைத்துப் பக்கத்தில் தள்ளினார். இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். ஜன்னல் வழியாக இதைப் பார்த்த தங்கபுஷ்பம், தன் மேசைக்கு வந்து, கடைசிக் கடிதத்தில் ஒரு பெயரை எழுதி, மற்றவற்றோடு அடியில் வைத்துக் கட்டினாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதமும் கவுண்டருக்குப் போயின. முப்பது வருஷத்தில் முதல்தடவையாகக் கோமதிநாயகம் கடைசிக் காகிதத்தைப் படிக்காமல் சீல் வைத்தார். மூடியைக் கழுவி, மெதுவாகத் துடைத்து, மறுநாளைக்குப் பெரிய மூடியாகக் கொண்டுவர வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. மறுநாள் பெரிய மூடிதான் கொண்டுவந்தார். ஆனால் வாத்துகள் அன்று விடியும்போதே வடக்கே கிளம்பிப் போயிருந்தன.

ஜூலை பதினான்கு. குளம் வெடித்துக் கிடந்தது. ஒரு சிறகுகூட இல்லை. எப்சி முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். கேமராவுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றதும் அதை மாசானத்தின் டீக்கடையில் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. முதலை வாயில் விட்டபோதுகூட அப்படி இருந்ததில்லை.

பேருந்து நிலையம் கட்ட இருந்த காண்டிராக்டரின் வக்கீல் எழுந்தார். "மேடம், வரிசையாப் பேரைக் கூப்பிட்டாப் போதும். ஒருத்தரும் வரமாட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

சப்-கலெக்டர் இளவயசு அம்மாள். "கூப்பிடுங்க" என்றார்.

கோமதிநாயகம் பதிவேட்டைத் திறந்தார். "ஒண்ணு. கூழைக்கடா. செங்கால்குளம், தெற்குக் கரை, ஏழாவது மரம்."

"ஆஜர்!" என்றான் மாசானம், துவைத்துத் தேய்த்த சட்டையில்.

"ரெண்டு. நீர்நாய்." "ஆஜர்." "அஞ்சு. நாரை." "ஆஜர், ஆஜர், ஆஜர்" என்று ஹெட்மாஸ்டர் குடும்பம் முழுவதற்கும் சொன்னார், பின்னால் அவருடைய இரண்டு மகன்களும் நின்றிருந்தார்கள். ஏட்டையா, நர்ஸ்கள், ஐயர், ஜவுளிக்கடைக்காரர், மின்வாரியத்துக்காரர், பென்ஷன் அம்மாள் என்று வராந்தாவும் படியும் வளாகமும் தாண்டி வரிசை பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழுந்தது. சாப்பாட்டு நேரம் போனது, யாரும் கலையவில்லை.

வக்கீல் துள்ளினார். "பறவைங்க எப்படி மேடம் அதிகாரம் கொடுக்க முடியும்?"

சப்-கலெக்டர் ஒரு கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "எங்க ஆபீஸ் சீல் இருக்கே. எங்க ஹெட் கிளார்க் படிக்காம எதுக்கும் சீல் வைக்கமாட்டார்னு இந்த மாவட்டத்துக்கே தெரியும்."

"முந்நூத்திப் பதினொண்ணு. கொக்கு."

"ஆஜர்!" செல்லத்துரை விசிலோடு சொன்னார்.

"முந்நூத்திப் பன்னெண்டு." கோமதிநாயகத்தின் குரல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. "வரித்தலை வாத்து. பனிக்காலத்தில் செங்கால்குளம். கோடைகாலத்தில் இமயமலைக்கு அப்பால்." கடைசிக் கடிதத்தைப் பிரித்தார். "அதிகாரம் பெற்றவர்..." நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் படித்தார். "அதிகாரம் பெற்றவர், சு. கோமதிநாயகம், ஹெட் கிளார்க், இவ்வலுவலகம்."

எப்சி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

கோமதிநாயகம் பேனாவை மூடினார். பதிவேட்டை மூடினார். எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, முப்பது வருஷமாகத் தான் உட்கார்ந்த பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்துக்கு வந்து, மனுதாரர்கள் நிற்கிற இடத்தில் நின்று, முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"ஆஜர், அம்மா."

"உங்க ஆட்சேபணை என்ன?"

ஃபைலில் இல்லாத ஒரு வார்த்தையைக்கூடப் பேசிப் பழகாத மனுஷர். "அவ்வளவு பெரிய மலையைத் தாண்டி வருதும்மா. வந்து பார்க்கும்போது குளம் இருக்கணும். பஸ் நிக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்து, "சாப்பிடும்போது சத்தம் போடாது, அம்மா. நல்ல மாதிரி" என்றார்.

நாலு மணிக்கு உத்தரவு ஆனது. செங்கால்குளத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் குடியிருப்பது நிரூபணமாகிறது, உத்தேசம் கைவிடப்படுகிறது, பேருந்து நிலையத்துக்கு வேறு இடம் பார்க்கவும். கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது வாசலில் ஏதோ இடித்தது. பங்குனியில் புறப்பட்ட ஆமை வந்து சேர்ந்திருந்தது. சப்-கலெக்டர் மூடிய பதிவேட்டை மறுபடி திறக்கச் சொல்லி, முந்நூற்றுப் பதின்மூன்றாவதாக ஆமையையும் சேர்த்து, "ஆஜர்" என்று தன் கையாலேயே எழுதினார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. கார்த்திகையில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஊர் மொட்டைமாடிகளில் நின்று கையசைத்தது. கோமதிநாயகம் இரண்டு அடுக்கு டிபன் வாங்கினார். எப்சி நிகழ்ச்சிக்காக வந்து இறங்கினாள்; நாடே அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தது; கேமரா, விளக்கு, மாலை எல்லாம் திங்கட்கிழமை வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டன. "முதல் நன்றி மனுவை நேரலையில காட்டுறோம்!" என்று அவள் குதித்துக்கொண்டிருந்தாள்.

வரித்தலை வாத்து வந்தது. முக்காலியில் ஏறியது. தங்கபுஷ்பம் கைகூப்பினாள். வாத்து அவளைப் பார்க்கவில்லை, எப்சியைப் பார்த்தது. வளையம் போட்ட காலைத் தூக்கி மேசைமேல் வைத்தது. பிறகு கழுத்தை நிமிர்த்தி, சிறகை ஒரு தடவை சரிசெய்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டி, போன தையில் எழுப்பிய அதே சத்தத்தை எழுப்பியது.

தங்கபுஷ்பம் வளையத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். "ஐயோ ஆண்டவரே!" என்று கன்னத்தில் கைவைத்தாள். "பத்து மாசமா இதைத்தானா சொல்லிட்டிருந்தீங்க? எனக்கு மண்டையில ஏறலையே!" பேனாவை மூடி, ஜெபம் சொல்லி, திறந்து, எழுத ஆரம்பித்தாள்.

எப்சி எட்டிப் பார்த்து வாசித்தாள். "எதிர்மனுதாரர், எப்சி, த/பெ செல்லத்துரை... மேற்படியார் கடந்த தை மாதம் நேரலையில் என் சம்மதம் இல்லாமல் என் வயதை ஊர் உலகம் அறியச் சொல்லி... எம்மா! என் மேலயா? பெத்த தாய் நீயே எழுதுவியா?"

"எழுதணும் மக்கா" என்றாள் தங்கபுஷ்பம், நிமிராமல், அடுத்த வரியைத் தொடங்கியபடி. "நீதானே சொன்ன, எங்கம்மாகிட்ட போங்க, எழுதித் தருவாங்கன்னு."

வாத்து மையில் காலை அழுத்தி, இந்தத் தடவை முழு மனசோடு பதித்தது. கவுண்டரில் கோமதிநாயகம் மனுவைக் கடைசி வரி வரை படித்து, நிமிர்ந்து எப்சியைப் பார்த்துச் சிரித்து, சீல் வைத்தார். செல்லத்துரை விசிலை ஊதினார். "அடுத்து! முன்னால போ, முன்னால போ, பின்னால எவ்வளவு இடம் கெடக்கு!"